ஜெனி படித்த பிறகுதான் போகும் மெயில்கள்

ஜெனிபர் போயிட்டாங்க.

நேற்று காலை, புனே லோஹேகாவ் வீட்டில், ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னைவிட ஒரு வயசுதான் பெரியவங்க.

அவசரமாக டைப் பண்றேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

ஜெனி கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்த புனே தமிழ்ப் பொண்ணு. என் கோயமுத்தூர் பேச்சு அவங்களுக்கு தினமும் காமெடி. "அரே செந்தில், சண்டைல கூட 'ங்க' போடுறியே, எனக்கு எப்டி கோவம் வரும்?"

புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் ஒரு பாக்டரிக்கு எங்கள் டீம் ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்திருக்கிறது. எந்த பார்ட் குறைகிறது என்று பார்த்து, சப்ளையருக்கு மெயில் எழுதும்.

ஆனால் அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஸ்டாக் டேட்டா, மெயில், காலண்டர்... ஒவ்வொன்றையும் நாம்தான் கனெக்ட் பண்ணி, எது எதற்கு என்று எழுதியும் கொடுக்க வேண்டும். அந்த கனெக்‌ஷன் அத்தனையும் ஜெனியோட வேலை.

புதுசாக எதை இணைப்பதென்றாலும் முதலில் மீட்டிங் ரூமில் ஒரு கூத்து நடக்கும். "இப்ப நான்தான் ஏஜென்ட், கேளு" என்று உட்கார்ந்துவிடுவாங்க. நாங்கள் எழுதிக் கொடுத்த வரிகளில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் பதில்.

"ரப்பர் சீல் எவ்வளவு இருக்குதுங்க?"

"எந்த ஸ்டாக்? குடோன்ல இருக்கறதா, லாரில வர்றதா? நீ எழுதலியே."

"உங்களுக்குத்தான் தெரியுமில்லீங்க!"

"எனக்குத் தெரியும். ஏஜென்ட்டுக்கு? உன் தாத்தாவா வந்து சொல்லுவாரு?"

எரிச்சல் எரிச்சலாக வரும். முனகிக்கொண்டே போய்த் திருத்தி எழுதுவேன்.

இந்த வியாதி ஆபீஸோடு நிற்கவில்லை. ஒருநாள் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, தயிர் இருக்கா என்று கேட்டார். "ஃப்ரிட்ஜுக்கு எனக்கு ஆக்சஸ் இல்ல, நீயே தொறந்து பாரு" என்று வைத்துவிட்டாங்க. சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

மெயில் விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. ஏஜென்ட் எழுதலாம், அனுப்பக் கூடாது. எல்லாம் தானாகவே போகட்டும் என்று பாக்டரிக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். ஜெனி அசையவே இல்லை.

"அது பாட்டுக்கு 'ஏன் லேட், ஏன் லேட்'னு அனுப்பும். அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கான்ல?"

அதனால் எல்லா மெயிலும் ஜெனியோட லாகின் வழியாகத்தான் போகும், கீழே அவங்க பெயரோடு. ஒவ்வொன்றையும் படித்து, கையால் ஒரு வரி சேர்த்துவிட்டு அனுப்புவாங்க. ஆகுர்டியில் மெஷின்களுக்கு ரப்பர் சீல் செய்கிற பாட்டீல் காக்காவுக்கு (மராத்தியில் சித்தப்பா), "முட்டி வலி இப்ப தேவலையா?" என்று போகும். தீபாவளிக்கு ஆபீஸ் முகவரிக்கு சிவ்டா மிக்சர் வந்தது... ஜெனிபர் மேடத்துக்கு என்று. எங்களுக்குத் தராமல் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாங்க, கஞ்சப் பிசினாரி.

நேற்று மதியம் பாக்டரியிலிருந்து போன். ஒரு மெயிலும் போகவில்லை, திங்கட்கிழமை உற்பத்தி லைன் நின்றுவிடும் என்றார்கள்.

திறந்து பார்த்தேன். ஏஜென்ட் வழக்கம்போல எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும், அன்புடன், ஜெனிபர்.

கனெக்‌ஷனை என் லாகினுக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு மெயிலிலும் அவங்க பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன். சீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தார்களோ தெரியாது.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பாட்டீல் காக்காவிடமிருந்து பதில். புதுப் பெயராக இருக்கிறதே, ஜெனிபர் மேடம் லீவா என்று.

ஏஜென்ட் அதற்கும் ஒரு பதில் எழுதிவிட்டது. ஜெனியோட காலண்டரில் யாரோ 'வரவில்லை' என்று குறித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, 'ஆம், விடுப்பில் இருக்கிறார். திரும்பியதும் தொடர்புகொள்வார்.'

அதை அழித்தேன். காக்காவுக்கு போன் பண்ணி, என் அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன்.

அடக்கம் எப்போது, எங்கே என்று விசாரித்தார். அப்புறம், "மேடத்தை நான் ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்ல... நான் வரலாமா?" என்று கேட்டார்.

வாங்க காக்கா என்றேன்.

இன்று மாலை அடக்கம். ஆகுர்டியிலிருந்து கிளம்பிவிட்டார். நான் ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு வர வேண்டும்.

போயிட்டு வாங்க ஜெனி.