காக்ரியும் சாருவும்

லண்டனில், லூயிஷாமில் தபால் பிரிக்கிற இடத்தில் சந்திரவதனாவுக்குப் பத்தொன்பது வருச வேலை. எந்த நாட்டுப் பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார். வாசித்தது பிழை என்று ஒரு கடித உறையும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அந்தத் துணிவில்தான் மகள் கஜந்தினியின் போன் மின்னியபோதும் வாசித்தார். Çağrı. முதல் எழுத்துக்கு வால். நடுவில் நின்ற ஜிக்குத் தலையில் சின்னக் கிண்ணம். கடைசி ஐக்குப் புள்ளியே இல்லை. பக்கத்தில் இரண்டு சிவப்பு இதயங்கள்.

“ஆரடி இந்தக் காக்ரி?”

“தெரிஞ்ச ஆள் அம்மா.”

“தன்ர பேருக்கே புள்ளி போடத் தெரியாதவனோட உனக்கென்ன கதை?”

தகப்பன் இல்லாத ஒற்றைப் பிள்ளை. ஊர் பேர் தெரியாத எவனோ ஏமாற்றிவிடுவான் என்று சந்திரவதனாவுக்குப் பயம். மகள் பிந்தி வந்தால், “காக்ரியோடையோ?” என்பார். “இல்லை, சாருவோட” என்பாள் மகள். சாரு என்றதும் அவருக்கு மூச்சு வரும். சாரு குடிப்பதில்லை. சாரு தாயை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறது. நடுவழியில் கார் டயரும் மாற்றியதாம். கஜந்தினி பேசுகிற பாதித் தமிழில் அவனா அவளா என்பதெல்லாம் வராது.

சந்திரவதனா ஐஸ்கிரீம் டப்பாவில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக் கொடுத்தார். டப்பா பிஸ்தா தூவிய பலகாரத்தோடு திரும்பியது.

“வளர்ப்பு” என்றார். “அந்தக் காக்ரியை விட்டிட்டு இப்பிடியான பிள்ளையளோட பழகு.”

“சரி அம்மா” என்றாள் மகள், வழக்கமில்லாத பணிவோடு.

இப்படியே போய், ஐந்தாம் மாதம் சாருவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னார். அப்டன் பார்க் கடைத்தெருவில் வளையலும் வாங்க நினைத்தார். “சாருவின்ர கை என்ன அளவு?”

“கொஞ்சம் பெரிசு அம்மா.”

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், தாடி வைத்த நெடுவல் ஒருவன், கழுவிய டப்பாவோடு. சப்பாத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நின்றான். “வணக்கம் ஆன்ட்டி. நான் சாரு.”

அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு ஒருவருமில்லை.

கஜந்தினி போனை நீட்டி, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக விளக்கினாள். “துருக்கிக்காரர் இப்பிடித்தான் எழுதுவினம் அம்மா. வால் வச்ச எழுத்து ச. கிண்ணம் வச்ச ஜிக்குச் சத்தமில்லை, முன்னால நிக்கிறதை இழுத்துவிடும். சா. புள்ளியில்லாத ஐ எங்கட ‘பருப்பு’ எண்ட சொல்லின்ர கடைசியில வாற உ.”

சந்திரவதனா உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தார். சா. ரு.

“அப்ப காக்ரி?”

“அப்பிடி ஒருத்தருமில்லை. நீங்கள் பெத்த பிள்ளை அது.”

“நான் வேலை செய்யிற கந்தோரில ஒருத்தருக்கும் என்ர பேர் வாயில வராது, ஆன்ட்டி” என்றான் அவன் ஆங்கிலத்தில். “நீங்கள் மட்டும் அஞ்சு மாசமாச் சரியாச் சொல்லுறியளாம்.”

ஐந்து மாதமாகத் தன் வாயாலேயே புகழ்ந்தாயிற்று. இனி எந்த வாயால் குறை சொல்வது? அவன் மேசையில் வாங்கி வைத்திருந்த வளையல்களைப் பார்த்தான். “இது எனக்கோ?”

மகளை முறைத்துவிட்டு, சந்திரவதனா வளையல்களைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“உங்கட அம்மாவுக்கு” என்றார். “வாற கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவின்ர பேரை மட்டும் எழுதிக் காட்டாதேங்கோ, வாயால சொல்லுங்கோ.”