முந்தைய பிள்ளையின் மிச்ச நாழிகை

ஒரு பெண்ணின் பிறந்த தேதி தவறு என்று தெரிந்தும், சரி என்று சொன்னேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே சொன்னேன்!

உங்களுக்கு என்னைத் தெரிய நியாயமில்லை. திருத்தணியில் ‘தேதிக்காரர்’ என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். எந்த ஆடிக் கிருத்திகைக்கு மழை, எந்தத் தெப்பத்தன்று ரயில் தாமதம் என்று நோட்டுகளில் எழுதி வைப்பவன். பிழைப்புக்குச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு புரொகிராம் எழுதினேன். ஜாதகத்திலுள்ள தமிழ்த் தேதியைக் கொடுத்தால் ஆங்கிலத் தேதி வரும். அதைக் கொண்டு அம்மையார்குப்பத்து நெசவாளர் பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே பதிந்தார்கள். எத்தனை பெருமை எனக்கு!

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஆசைக்காக, அதை லிஸ்ப் மொழிக்கு மாற்ற உட்கார்ந்தேன். உடன் வேலை பார்த்த காதர், அரக்கோணத்துக்காரர், மாலை ரயில் மணவூரைத் தாண்டும்போது என் தாள்களைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாய்யா, பழசுக்கே புதுச் சட்டை மாட்டிகினு இருக்கற? ‘இத்த எடு, அத்தக் கூட்டு, அங்க வை’ன்னு ஏவாத. இத்தக் குடுத்தா இது வரும்னு மட்டும் சொல்லு. நடுவுல எதையும் எடுத்து வெக்காத.”

அப்படியே எழுதினேன். பழைய பட்டியலோடு ஒப்பிட்டால், சில பிள்ளைகள் ஒரு நாள் முன்பே பிறந்திருந்தார்கள்!

மாற்றி எழுதியதில்தான் பிழை என்று நினைத்தேன்... இல்லை. பஞ்சாங்கத்தை வைத்துக் கையால் போட்டுப் பார்த்தேன், புதியதே சரி. பழையதில், ஒரு பிள்ளையின் கணக்கில் மிஞ்சிய நாழிகையை அழிக்காமலே அடுத்த பிள்ளைக்குப் போயிருக்கிறேன். அது சேர்ந்து சேர்ந்து சிலருக்கு ஒரு நாளைக் கூட்டிவிட்டது. புதியதில் ஒவ்வொரு பிள்ளையும் தனி. மிச்சம் ஒட்டிக்கொள்ள இடமே இல்லை.

தேதி தவறிய பெயர்களில் ஒன்று ராஜேஸ்வரி. அதே வாரம் அவளே வீட்டுக்கு வந்தாள். நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். குறித்த நாளில் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டுமாம்.

“ஒரு நாள் கொறையுதுன்னு திருப்பிட்டாங்க சார். உங்க கணக்கு சரிதானுங்களா? இந்த வருசம் போச்சுன்னா எங்க நைனா என்னய அத்த மவன் பாவாவுக்குக் கட்டி வெச்சிடுவாரு.”

“ஆங், சரிதாம்மா.”

இரண்டே சொற்கள்! ஏன் சொன்னேன்? ஒன்று தவறென்றால் பட்டியல் முழுவதையும் சந்தேகிப்பார்கள்; தேதிக்காரர் என்ற பெயர் போய்விடும்... அவ்வளவுதானா? அவ்வளவேதான்!

அத்தோடும் நிற்கவில்லை. முந்தைய பிள்ளையின் மிச்சத்தைப் புதிய புரொகிராமுக்குள்ளும் திணித்து, பழைய தவறே வரும்படி செய்தேன். மாலை ரயிலில் தாள்களைப் பார்த்ததுமே காதர் கண்டுபிடித்துவிட்டார்.

“ஒருத்தி கணக்குல வேற எவனோ மிச்சம் வெச்சது எதுக்குய்யா?”

நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். அரக்கோணம் வந்தது, அவர் இறங்கிப் போனார்.

அடுத்த தையில் ராஜேஸ்வரிக்குத் திருமணம். என் நோட்டில் அந்தத் தேதியும் இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் போயின. இந்த ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அம்மையார்குப்பம் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இடுப்பில் பெண் குழந்தை. பவர்லூம் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப எனக்கு வயசு சரியாத்தான் இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “இவளுக்கும் ஸ்கூல்ல தேதி கேப்பாங்க. வேற யார்கிட்டனா போட்டுக்கறேங்க.” உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நடந்தபோது... எப்படிச் சொல்வேன்? மூச்சு தாராளமாக வந்தது! பள்ளிக்குத் திருத்திய பட்டியல் கொடுத்தாயிற்று. புரொகிராமிலிருந்து அந்த மிச்சத்தையும் எடுத்தாயிற்று. இப்போது நன்றாகத் தூங்குகிறேன். உங்களிடம் அதையும் மறைப்பானேன்?

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. பிறந்த தேதியைத் திருத்தலாம்... அந்தத் தை மாதத் தேதியை எந்த மொழியில் எழுதினாலும் ஒரு நாள்கூட நகர்த்த முடியவில்லை.