அத்தர் பஞ்சு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தர் விற்ற பக்கீர் முகமதுவின் மூக்கை ஊரே மெச்சும். ஊரைவிட அவர் கொஞ்சம் கூடுதலாகவே மெச்சிக்கொள்வார்.

1988 மழைக்காலத்தில் அவர் மகள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். "சளி பிடிச்சவுக யாரையும் கிட்ட விடாதீங்க. குறைமாசப் பிள்ளை, நெஞ்சைப் பிடிச்சா தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

பிள்ளை பார்க்க வந்தவர்களோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே "எனக்கு ஏது சளி?" என்றார்கள். மனுசப் பிறவியை நம்பிப் பலனில்லை என்று பக்கீர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பஞ்சில் அத்தரைத் தொட்டு நீட்டுவார். ரோஜாவா, மல்லிகையா, சந்தனமா என்று சரியாகச் சொன்னவர்தான் கை கழுவிவிட்டு உள்ளே போகலாம். தவறியவர்களிடம் பால்கோவாவை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். பால்கோவாவுக்குச் சளி பிடிக்காதாம்.

ராஜபாளையத்திலிருந்து வந்த மாமியார் ஹபீபுன்னிசா சந்தனத்தை ரோஜா என்றார். அவரையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சளி விட்ட பிறகு அந்த அம்மாள் மறுபடி வந்து, எல்லா அத்தரையும் சரியாகச் சொல்லி, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாள் கடையிலிருந்து திரும்பிய பக்கீர் வாசலில் தும்மினார். மனைவி அசீனா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு பஞ்சை நீட்டினாள். அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார்.

"மல்லிகை. நம்ம கடைச் சரக்கு, கேக்கவா வேணும்."

"மண்ணெண்ணெய்" என்றாள் அசீனா.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் நிதானமாக வந்தது.

"ஏட்டி, மாப்பிள்ளை பால்கோவா கொண்டாந்திருந்தா அத மட்டும் வாங்கிட்டு ஜன்னலைச் சாத்து."