வீடில்லாதவளுக்கு ஓர் அறை

இந்த நாட்டில் வாடகைக்கு அறை தேடிப் போனால், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் நம்மைச் சமையலறை மேசையில் இருத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? சனிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்? உங்களை ஒரு மிருகமாக நினைத்துக்கொண்டால் அது என்ன மிருகம்? கடைசிக் கேள்வியைக் கேட்டவனுக்கு இருபது வயதுகூட இராது. காதில் வளையம், காலில் இரண்டு நிறத்தில் இரண்டு காலுறை. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு "எருமை" என்றேன். எங்கள் ஊர் வட்டையில், வயல் ஓரத்துச் சேற்றில் கிடந்து, ஒருவரோடும் சோலிக்குப் போகாமல் அசைபோடும் எருமைகள்தான் மனதில் வந்தன. அமைதியான ஆள், சண்டை சச்சரவு இல்லை என்று காட்டிக்கொள்வதுதான் என் நோக்கம். அந்த வீட்டார் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, உங்களை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனாலும் வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டோம் என்று செய்தி வந்தது. இப்படிப் பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் பெயர் 'வேகே'. போன கோடை முழுவதும் நான் வேகே வேகேயாகப் படியேறி இறங்கினேன்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொள் என்றாள் ஒரு தோழி. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்கள் மட்டக்களப்பில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார்கள். கல்வீடா, எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பெண்ணிடம் வருவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. உடுப்புப் பையோடு தாய்வீட்டை விட்டு இறங்குகிறவன் ஆண்பிள்ளை. பெண் பிறந்த அன்றைக்கே தகப்பன் காணி எங்கே, கல் எங்கே என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவான். கண்ணகி அம்மன் முதல் கடைக்காரச் செல்லையா வரை எல்லோருக்கும் அது தெரியும். ஒரு பெண் தங்க இடம் கேட்டுப் பிறத்தியார் படலை வாசலில் நிற்பதை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை. இருபத்தொன்பது வயதில் அதை நான் இங்கே கண்டேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்காரி. கொக்கட்டிச்சோலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயலுக்குள்ளால் இன்னும் உள்ளே போக வேண்டும். உயர்தரத்தில் பயோ படித்தேன். வாவி கடந்து மட்டக்களப்பு நகரத்துக்கு ரியூஷனுக்குப் போய்வந்து மூன்று தரம் சோதனை எழுதினேன். மூன்று தரமும் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி என் கைக்கு எட்டாமல் ஒரு விரல் தூரத்தில் நின்றுகொண்டது. மூன்றாவது முறை முடிவு வந்த அன்று அம்மா சோறு போட்டுத் தந்தார். நான் சாப்பிட்டேன். பிறகு ஜெர்மனியில் தாதியர் பயிற்சி என்று கேள்விப்பட்டு, மொழி படித்து, வந்து சேர்ந்தேன். பயிற்சி முடித்து ஒரு சிறிய நகரத்து மருத்துவமனையில் வேலை. தாதியாக வேலை செய்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்க இங்கே ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. அந்த மின்னஞ்சலை வார்டில் ஒரு கிழவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பார்த்தேன். "ஏன் அழுகிறாய், நான் சாகப்போகிறேனா?" என்று அவர் கேட்டார்.

சந்தோசம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. பல்கலைக்கழகம் வேறு நகரத்தில். வேலையை விட்டால் மருத்துவமனை தந்த விடுதி அறையையும் விட வேண்டும். வேலை விசாவைப் படிப்பு விசாவாக மாற்ற வேண்டும். அதற்குப் புதிய நகரத்தில் குடியிருப்பைப் பதிய வேண்டும். பதிவதற்கு ஒரு வீட்டுக்காரர் "இவர் என்னிடம் குடியிருக்கிறார்" என்று கையெழுத்து வைக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், அறை இல்லாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் படிப்பும் இல்லை. ஒக்டோபரில் வகுப்பு. ஓகஸ்டில் என்னிடம் ஒரு கதிரை போடும் அளவு இடம்கூட இருக்கவில்லை. ஓய்வு நாளெல்லாம் ரயிலில் போய் அறை பார்த்தேன். போகும் வழியில் எலும்புகளின் இலத்தீன் பெயர்களைப் பாடமாக்கினேன். வரும் வழியில் புத்தகத்தைத் திறக்க மனம் வராது. யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இது எனக்கு விதிக்கப்பட்டதில்லை, நாலாம் தரமும் நான் தோற்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வருவேன். என்னைப்போல இங்கே வந்தவர்களுக்கு அந்த ரயில் பயணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அப்போதுதான் ஒரு தேவாலயத்தார் நடத்தும் மாணவர் விடுதி பற்றி அறிந்தேன். வசதியற்ற மாணவர்களுக்கென்று வைத்திருக்கும் அறைகள். பொறுப்பாக இருந்த லிண்ட்னர் அம்மையார் நல்ல மனுசி. தேநீர் தந்தார். பெற்றோர் என்ன தொழில், எத்தனை சகோதரர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவந்தவர், "ஊரில் உங்களுக்குச் சொந்தமாக வீடோ நிலமோ இருக்கிறதா?" என்றார்.

"இருக்கிறது. கல்வீடு. நாலு அறை, முன்னுக்கு விறாந்தை" என்றேன். சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது எனக்கே தெரிந்தது. கோடை முழுக்கக் கேட்ட கேள்விகளில் நான் கூசாமல் பதில் சொன்னது அது ஒன்றுக்குத்தான். ஒரு பெண்ணிடம் வீடு இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் ஊரில் அதற்குச் சரியான பதில் ஒன்றுதான் உண்டு. நாலு பேர் மதிக்கும் குடும்பத்துப் பிள்ளை, நம்பி அறை தரலாம் என்று அவர் நினைப்பார் என்று இருந்தேன். லிண்ட்னர் அம்மையார் பேனையை வைத்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார். "இந்த அறைகள் ஒன்றும் இல்லாதவர்களுக்கு. வீட்டுச் சொந்தக்காரருக்கு நான் தர முடியாதே" என்றார். நான் பதறிப்போய், பத்திரம் அப்பாவின் பெயரில் இருக்கிறது, கல்யாணத்தின்போதுதான் எனக்கு எழுதுவார்கள் என்றேன். "அப்படியானால் அது உங்கள் வீடு இல்லை?" என் வீடுதான் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில், எனக்கு வீடில்லை என்று ஊர் அதிகாரி ஒருவரிடம் எழுதி வாங்கி அனுப்பினால், மாத முடிவு வரை ஓர் அறையை வைத்திருப்பதாகச் சொன்னார்.

அந்த வீடு எப்படி வந்தது என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது? யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் கிடந்தோம். திரும்பிப் போனபோது அம்மாவின் பழைய வீட்டில் சுவர் மட்டும் நின்றது. கூரையும் இல்லை, கதவும் இல்லை. தறப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டு, அப்பா முதலில் அத்திவாரம் வெட்டியது எனக்கு. தங்கச்சி லோஜிக்குப் பிறகு பார்ப்போம், மூத்தவளுடையது முதலில் எழும்பட்டும் என்றார். ஒவ்வொரு வெள்ளாமை வெட்டி முடிந்ததும் சுவர் கொஞ்சம் உயரும். வெள்ளம் வந்து பயிர் அழுகிய வருசம் அப்படியே நிற்கும். ஓடு போட்டு முடிய நான் பாடசாலையே முடித்துவிட்டேன். கூரை ஏறியதும் எல்லோரும் அதற்குள் குடிபோனோம். அம்மா அப்பா இருவரும் அதில் என் விருந்தாளிகள் போலத்தான் இருந்தார்கள். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்பார்கள்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் விசயத்தைச் சொன்னேன்.

"என்ன மனே சொல்றா? உனக்கு வீடில்லயெண்டு நான் ஜீ.எஸ்ஸுக்கு முன்னால போய் நிண்டு சொல்றதா?"

"பத்திரம் அப்பாட பேரிலதானேம்மா இரிக்கி. சட்டப்படி எனக்கு வீடில்லதானே."

"பத்திரத்த ஆருகா பார்த்த? ஊரெல்லாம் நிரோசா வீடெண்டுதான் சொல்லுது. வீடில்லாத புள்ளயெண்டு எழுதிக் குடுத்தா மறுகா உன்ன ஆரு கேட்டு வருவான்?"

ஆனாலும் அப்பா போனார். அம்மா சொன்ன ஜீ.எஸ், கிராம சேவகர், எங்கள் ஊர் மனிதர். அவர் அப்பாவுக்குச் சொன்னதை அம்மா ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னார். "நான் என்னெண்டு அண்ண பொய் எழுதுற? அது நிரோசாட வீடெண்டு எனக்குத் தெரியாதா? அத்திவாரம் வெட்டக்குள்ள நானும் வந்து நிண்டவன்தானே. வேற ஆருக்கும் குடுத்திட்டு வாங்க, உடனே எழுதித் தாறன்." எனக்கு அந்த மனிதரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்ட முடியவில்லை. லிண்ட்னர் அம்மையாருக்கு விளங்காதது அவருக்கு விளங்கியிருந்தது, அதுதான் கோளாறு.

அந்தக் கிழமை வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு லோஜி தொலைபேசி எடுத்தாள். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்து, மூத்தவள் கல்யாணம் முடிக்காமல் இருக்கிறாள், வீடும் இல்லை என்று இழுபட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "அக்கா, அப்பா வீட்ட எனக்கு எழுதப்போறாராம்" என்றாள். பிறகு விம்மத் தொடங்கினாள். "எனக்கு வேணாமெண்டு சொன்னன். நீயே வேணாமெண்டு சொல்லு. நீ சொன்னா அப்பா கேப்பாரு."

நான் சொல்லவில்லை. எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது, படிப்பு வேண்டியிருந்தது. "எழுதட்டும் லோஜி. உனக்கும் நல்லதுதானே" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. போனை வைத்துவிட்டு மருத்துவமனை விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

வீடு லோஜிக்கு எழுதியானதும் கிராம சேவகரின் கடிதம் வந்தது, மொழிபெயர்த்துக் கொடுத்தேன், அறை கிடைத்தது. லிண்ட்னர் அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஒரு சின்னத் தாளால் எல்லாம் சரியாகிவிட்டது, பார்த்தீர்களா! நீங்கள்தான் வீணாகக் குழப்பிக்கொண்டீர்கள்" என்றார். நானும் சிரித்தேன். கட்டில், மேசை, அலுமாரி. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெள்ளை மேலங்கி ஒன்று வாங்கி அலுமாரிக் கதவில் தொங்கவிட்டேன். மேல்வகுப்பு மாணவி ஒருத்தியிடம் பழைய உடற்கூற்றியல் புத்தகம் வாங்கினேன். அவள் பச்சை மையில் கோடிட்டிருந்த இடங்களை மட்டும் முதலில் படித்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஆயத்த வகுப்பில் இருந்து இரசாயனம் படித்தேன். ஒரு காலத்தில் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது ஒன்றும் ஏறவில்லை. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், எழுத்து எழுத்தாகவே நிற்கும். இத்தனையும் கொடுத்து வாங்கிய படிப்பில் முதல் வருசமே விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் மட்டும் நன்றாக ஏறியது.

லோஜியின் கல்யாணத்தைக் கையடக்கத் தொலைபேசியில் பார்த்தேன். மாப்பிள்ளை கதிரவெளிப் பக்கம் படிப்பிக்கிற வாத்தியார், தங்கமான பிள்ளை. மாலையும் கழுத்துமாக என்னைத் திரையில் பார்த்துவிட்டு, "மச்சாள், லீவு கிடச்சா கட்டாயம் எங்கட வீட்டுக்கு வரவேணும். எத்தின நாளெண்டாலும் நிக்கலாம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். வருகிறேன் என்றேன். அவருக்குப் பின்னால் விறாந்தைத் தூண் தெரிந்தது. புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள்.

வகுப்புத் தொடங்குவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. லிண்ட்னர் அம்மையார் விடுதி விதிகளை விளக்கக் கூட்டம் வைத்தார். சமையலறை, குப்பை, சத்தம். கடைசியாக, ஒவ்வொரு வருசமும் சொத்து விபரம் புதிதாகக் கேட்போம், நிலைமை மாறியவர்கள் வேறொருவருக்கு இடம்விட வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அப்பா எடுத்தார். அப்பா தானாக எடுக்கிற ஆள் இல்லை. அம்மா பேசி முடிந்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் போகிறவர். அன்றைக்கு அவர் குரலில், பல கிழமைக்குப் பிறகு, ஓர் உற்சாகம் இருந்தது.

"மனே, அம்மாட பழைய வீட்டுச் சுவர இடிச்சி நிலத்தத் துப்பரவாக்கிட்டன். கல்லும் அறுத்துச் சூளை வச்சாச்சி. தை பொறந்ததும் அத்திவாரம். நீ டொக்டராகி வரக்குள்ள வீடில்லாம நிக்கக் கூடா."

அறுபதைத் தாண்டிய மனிதர். முழங்கால் வருத்தத்தோடு கல் அறுக்கச் சேறு மிதித்திருக்கிறார். நான் மேசையில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கட்டாதீங்க அப்பா."

"ஏன் மனே?"

"இஞ்ச வருசா வருசம் கேப்பாங்களாம். எனக்கு வீடு இரிக்கெண்டா அறைய எடுத்திருவாங்க. படிச்சி முடியுமட்டும் எனக்கு ஒண்டும் இருக்கக் கூடா."

"அது எத்தின வருசம்?"

"ஆறு. கூடவும் போகும்."

மறுமுனையில் லோஜியின் முற்றத்தில் யாரோ கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. அப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுக்கிவைத்த கற்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வயதை நான் கூட்டிப் பார்த்ததுபோல அவரும் கூட்டிப் பார்த்திருப்பார்.

"சரி மனே," என்றார் அப்பா. "மாரி வருகுது. கல்லுக்கு மேல படங்கு போட்டு மூடி வைக்கிறன். நனையாமக் கிடக்கட்டும்."