கீழ் ஆன்டெனாவின் உறை

தேனாம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. கீழ் உறையைக் கழற்றினேனா?

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஓரங்கட்டி நிதானமாக யோசித்திருக்கலாம். செய்யாமல் மயிலாப்பூர் வரைக்கும் அதே கேள்வியோடு ஓட்டினேன்.

விமானங்களின் மின்னணுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. அன்று மதியம் ஒரு விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைச் சோதித்திருந்தேன். யார் நீ, எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய் என்று தரையிலிருந்து ரேடார் கேட்கும்; இந்தப் பெட்டி உடனே பதில் சொல்லும். பதில் வந்தால்தான் கட்டுப்பாட்டு அறைத் திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் பெயரும் உயரமும் தெரியும். சோதனைக்காக, தரையில் நிற்கும் விமானத்தை முப்பதாயிரம் அடியில் பறப்பதாக நம்ப வைப்போம். அந்தப் பொய் வெளியே கசிந்தால், மேலே நிஜமாகவே பறக்கிற விமானம் பக்கத்தில் இன்னொன்று வந்துவிட்டதாக நினைத்து விலகப் பார்க்கும். அதனால் விமானத்தின் முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று என இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் உறை மாட்டுவோம். முடிந்ததும் கழற்ற வேண்டும். மறந்தால் விமானம் தன் பாட்டுக்குப் பறக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வராது.

மேல் உறையைக் கழற்றியது நன்றாக நினைவிருந்தது. ஏணியில் ஏறி, வெயிலில் கை சுட்டு, திட்டிக்கொண்டே கழற்றினேன். கீழ் உறை கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது. கைக்கு எட்டுவதை எவள் நினைவில் வைத்துக்கொள்கிறாள்? கண்ணில் படுவதற்காக அதில் தொங்க வேண்டிய சிவப்பு நாடா வேறு எப்போதோ அறுந்து போயிருந்தது. ஆனால் இரண்டையும் கழற்றியாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

போன் செய்து கேட்க வேண்டியதுதானே? அங்கேதான் வினை. இரண்டு மாதம் முன்பு, ஒரு மூடியைச் சரியாகத் திருகினேனா என்று சந்தேகப்பட்டு, கிளம்பவிருந்த விமானத்தை நிறுத்தினேன். மூடி கல்லு மாதிரி இறுகியிருந்தது. அதிலிருந்து விமானக் கொட்டகையான ஹாங்கரில் எனக்கு ‘டவுட்டு மேடம்’ என்று பெயர். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கையெழுத்துப் போடும் உரிமையைப் பிடுங்கிவிட்டு உதவி வேலைக்கு அனுப்பிவிடுவதாக ஷிப்ட் பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த உரிமைக்காகக் கல்யாணத்துக்குப் பிறகும் பல வருடம் பரீட்சை எழுதியவள் நான்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என் கணவர் லஸ் பக்கத்தில் செல்போன் பழுது பார்ப்பவர். எதற்கும் போனில் விடை உண்டு என்று நம்புகிறவர். விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

“இதோ நின்னுக்கினு கீது பாரு உன் பிளேனு. நம்பர்கூட வருது. அப்புறம் இன்னாத்துக்குப் பொலம்புற?”

மேல் ஆன்டெனா ஒன்று திறந்திருந்தாலே தரையில் இதெல்லாம் தெரியும், ஏறிய பிறகு கீழேயிருந்து கேட்கிற ரேடாருக்கு வயிற்றுப் பக்கத்து ஆன்டெனாதான் முக்கியம் என்றேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. காபியை வைத்துவிட்டு நகர்ந்தார். பாவம், அவர்மேல் எனக்குக் காரணமே இல்லாமல் எரிச்சல் வந்தது.

விமானம் புறப்பட இருபத்தைந்து நிமிடம் இருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே, என் கை அந்த உறையை இழுப்பதை நினைவுபடுத்திப் பார்த்தேன். காட்சி தெளிவாக வந்தது. ஆனால் அது இன்றைக்கு நடந்ததா, போன மாதம் நடந்ததா? கழற்றாமலா வந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். என்னை நானே ஏமாற்றப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது. பொறுப்பாளருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கழட்டினியா, இல்லியா? அத்தச் சொல்லு.”

“தெரியல சார்.”

கையெழுத்துப் போட்டவள் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. அவர் லைனிலேயே இருக்கச் சொன்னார். நடக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஏதோ வண்டியின் இரைச்சல். கிண்டலுக்கும் வசவுக்கும் தயாராகிக் காத்திருந்தேன்.

“மாட்டிக்கினுதான் கீது,” என்றார். “கழட்டிட்டேன். மறுபடி செக் பண்ணித்தான் அனுப்பணும்.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை. அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதே இல்லை.

“உன் கையெழுத்துக்குக் கீழ, நானும் பாத்துட்டேன்னு கையெழுத்து போட்டுக்கீறேன்மா. குனியக்கூட இல்ல. நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன். நாளைக்கு ரெண்டு பேருமா நடந்தத மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துடலாம்.”

சரி சார் என்றேன். அவர் திட்டியிருந்தால் அன்று நான் தூங்கியிருப்பேன்.