கண்ணாடி மீனும் ‘நில்லுங்க’ என்ற சொல்லும்

காலையில் மகளுக்குக் கொடுத்த பால் சூடாக இருந்துவிட்டதோ என்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசிக்கிறவள் நான். எனக்குப் போய்க் கண்ணாடிப் பொருள்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது.

மில்லர்புரத்தில் சேவியர் அண்ணாச்சி வீடு. கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துக் கார்களின் ரேடியேட்டர் மூடிமேல் வைத்த கண்ணாடிச் சிற்பங்களைச் சேர்க்கிறார். மாஸ்காட் என்பார்கள். பருந்து, சேவல், தும்பி என்று அலமாரி நிறைய இருந்தன. முதல் நாளே அவர் மனைவி ரோஸ்லின் அக்கா சொன்னார்:

“வீட்ல கார் கெடையாது ஏளா. கார் மூக்கு மட்டும் வரிசையா நிக்கு.”

“மூக்குக்குப் பெட்ரோல் போட வேண்டாம்லா” என்றார் அண்ணாச்சி.

அன்றுதான் ஒரு மீன் வந்திருந்தது. பால் படர்ந்தாற்போன்ற கண்ணாடி. செதிலும் துடுப்பும் அத்தனை துல்லியம். பல வருடம் தேடி வாங்கியது. அடிப்பாகத்தைக் காலர் என்கிற பித்தளை வளையம் கவ்வியிருந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் பித்தளை களிம்பேறிப் பருக்கும், கண்ணாடியை நெரித்துவிடும். அதனால் இந்த வீட்டுக்கு எது வந்தாலும் முதலில் காலரைக் கழற்றிவிடுவார்கள்.

ஒருவர் பிடிக்க, ஒருவர் திருக வேண்டும். பிடிப்பவர் ‘நில்லுங்க’ என்றால் திருகுபவர் கையை எடுத்துவிட வேண்டும். அதுதான் முறை.

வெந்நீர்த் துணியை என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பித்தளை இளகட்டும் என்று காலரில் சுற்றினேன். மீனைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி திருகினார்.

“நில்லுங்க அண்ணாச்சி.”

கையை எடுத்தார். துணிதான் வழுக்கியிருந்தது. மறுபடி திருகினார்.

“நில்லுங்க.”

இம்முறை ஒன்றுமே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அக்கா வாசலில் நின்று, “பிள்ளைக்குக் காது குத்துத மாதிரிலா பதறுதா!” என்றார்.

மூன்றாவது முறை என் உள்ளங்கையில் ஏதோ இறுகியது போலிருந்தது. பிரமையோ? சொல்லலாமா?

“நில்லுங்க... மன்னிச்சிருங்க, சும்மா ஒரு சந்தேகம்.”

அவர் கை அப்போதே விலகியிருந்தது.

“சந்தேகத்துக்குத்தானம்மா ஒன்னைப் பிடிக்கச் சொன்னேன்.”

டார்ச் அடித்துப் பார்த்தார். காலரின் பக்கவாட்டில், பழைய பாலிஷ் அடைத்து மூடிய ஒரு குட்டி ஸ்க்ரூ. அது கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கால் சுற்று திருகியிருந்தால் அடிப்பாகம் விண்டிருக்கும்.

ஸ்க்ரூவை எடுத்ததும் காலர் தானாகச் சுழன்று வந்தது. மீனை ஜன்னலோரம் வைத்தார். வெயில் பட்டதும் அதன் வயிற்றில் மஞ்சள் ஒளி ஊறி நின்றது. பிறகு அக்கா சொன்னார்: “தப்பிச்சுது. இல்லன்னா இன்னைக்கு நம்ம வீட்ல துண்டு மீனு.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிடித்திருக்கும்போது மனதில் ஏதாவது இடறினால், காரணம் தெரியும்வரை காத்திராதீர்கள், சொல்லிவிடுங்கள். மூன்றாவது தடவையும் முகம் சுளிக்காமல் கையை எடுக்கிறவரிடம் வேலை அமைந்தால், அங்கேயே இருங்கள். நான் இருக்கிறேன்.