நேர்ந்துவிட்ட பிக்கப்பு

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிக்கப்பு வண்டியை நானே பிரித்துச் சரிசெய்யப் போகிறேன் என்று சொன்னபோது பெரியப்பா சிரிக்கவில்லை. காறித் துப்பினார். சிரித்திருந்தால்கூட விட்டிருப்பேன்.

வண்டி அப்பாவுடையது. ஜீப்பு மூஞ்சி, பின்னால் பலகை அடித்த தொட்டி, டீசல் எஞ்சின். என்னைவிட மூத்தது. நரிக்குடிப் பக்கத்து மிளகாய் வத்தலையும் பருத்தியையும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய்வந்தது. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் நின்றது. அதன்பிறகு தொட்டியில் யூரியா மூட்டை அடுக்கினார்கள்; தரைத் தகடு முறுக்கு மாதிரி உதிர்ந்தது. பம்பரில் ஆடு கட்டினார்கள். டிரைவர் சீட்டில் கோழி முட்டையிட்டது.

பாசத்தால் இதில் இறங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் கைநாட்டைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ. நல்ல மார்க்கு. டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். வருகிறவர்களிடம் சாவி வாங்கி, என்ன கோளாறு என்று கேட்டு எழுதி, உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே போய்க் கை வைக்கிறேன் என்றால், "அதுக்குத்தான் ஆம்பளைங்க இருக்காங்கல்லம்மா" என்றார் மேனேஜர். நான் பிரித்து மாட்டியது என்று யாரும் மறுக்க முடியாத ஒரு வண்டி எனக்கு வேண்டியிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, தன் எஞ்சினிலேயே அது எங்கள் தெருவைத் தாண்ட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பெரியப்பாவோ அதைப் பழைய இரும்புக்குப் பேசி முடித்திருந்தார். வண்டி தம்பியுடையது, பேசியது அண்ணன். அப்பாவைக் கேட்டேன்.

"அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"வண்டி ஒங்களுதுப்பா."

"அதுக்கு?"

அப்பாவிடம் இதற்கு மேல் பேச்சை எதிர்பார்ப்பது வறண்ட கண்மாயில் வாளியை விடுவது மாதிரி. அன்றோடு அவரைக் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திட்டம் போட்டேன். முதலில் தொட்டியைக் கழற்ற வேண்டும். பிறகு வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் நான்கு மூலைகளையும் குறுக்காகச் சணல் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு குறுக்கும் ஒரே நீளமாக இல்லையென்றால் சேசிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது, மேலே எதை மாட்டியும் பயனில்லை. வயரைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு இணைப்பையும் செல்போனில் படம் எடுத்து, துணிக் கிழிசலில் அடையாளம் கட்ட வேண்டும். எஞ்சினைத் தூக்க மாட்டுக்கொட்டகை விட்டம் தாங்காது. மூன்று இரும்புக் குழாயை முக்காலி மாதிரி நிறுத்தி, பளு தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்துத் தொங்கவிட வேண்டும்.

ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. எங்கள் ஊர் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்க நல்ல தண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். வண்டிக்கு எதற்கு நல்ல தண்ணீர் என்று வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரையே ஊற்ற வைத்தவர் பெரியப்பா. எஞ்சினுக்குள்ளும் அந்த உப்பு எவ்வளவு அரித்திருக்கும் என்பது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

அதை அவரிடமே சொன்னேன். தெருவில், நாலு பேர் இருக்கும்போது சொன்னேன். வேண்டுமென்றுதான் சொன்னேன்.

"ஏத்தா, நீ பொறக்குமுன்ன இருந்து ஓடுன வண்டி அது. எனக்குப் பாடம் சொல்றியாக்கும்?"

"ஓடுனதுதான் பெரியப்பா. நீங்க ஊத்துன தண்ணியிலதான் நின்னுருச்சு."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், ஒரு மஞ்சள் துணியோடு வந்தார். வண்டியின் முன்கம்பியில் அதைக் கட்டினார்.

"வண்டிய நம்ம கருப்பனுக்கு நேந்து விட்டாச்சு. இனிமே ஸ்பானரு, கீனருன்னு எவளாவது கை வச்சா அவன் பாத்துக்கிருவான்."

எங்கள் பக்கம் கிடாயைத்தான் நேர்ந்து விடுவார்கள். நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. எந்தத் தோட்டத்தில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். மாசி மாதம் நடக்கும் களரித் திருவிழாவன்று அதைக் குலசாமி கோயிலுக்கு நடத்திக்கொண்டு போய், மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பிறகு வெட்டு. வண்டியை நேர்ந்துவிட்ட ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் பெரியப்பா ஒருவர்தான். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "சாமி குத்தமாயிரும். இத்தோட விடு" என்றாள். எனக்குச் சாமி மீது கோபமில்லை. மஞ்சள் துணி கட்டிய கையின் மீதுதான்.

பழைய இரும்பு வாங்க வரச்சொல்லியிருந்த ஆளைப் பெரியப்பா அந்தக் கோபத்தில் மறந்துவிட்டார். அடுத்த வாரம் டவுனிலிருந்து அந்த இரும்புக்கடை பாய் லாரியோடு வந்து நின்றார். பெரியப்பா துணியை அவிழ்க்கப் போனார். நான் வாசலுக்கு வந்தேன்.

"பாய், அது எங்க குலசாமிக்கு நேந்து விட்டது. தெருவே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. வேணும்னா விசாரிச்சுக்கோங்க."

பாய் விசாரிக்கவில்லை. பெரியப்பாவின் விரல்கள் முடிச்சில் நின்றதைப் பார்த்தார், போதுமாக இருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க சாமியோ எங்க அல்லாவோ, கொடுத்தேன்னு சொன்னதத் திருப்பி வாங்கி எங்கிட்ட விக்காதீக. நானும் புள்ளகுட்டிக்காரன்."

வெறும் லாரி திரும்பிப் போனது. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் எனக்கும் வழி அடைத்துத்தான் கிடந்தது. அவருக்கு விற்க முடியாத வண்டி எனக்குத் தொட முடியாத வண்டி.

மாசிக் களரிக்குப் பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயிலில் கூடினோம். பொட்டல், கருவேல மரங்கள், நடுவே கருப்பனின் அரிவாள்கள். கிடாய்கள் சிலுப்பி முடிந்து, கறி வேகும் நேரத்தில் பெரியப்பா எழுந்தார். வண்டிக்குப் பதிலாக ஒரு கிடாய் விட்டுவிடுகிறேன், நேர்ச்சையிலிருந்து வண்டியை விடுவியுங்கள் என்றார். பவ்யமாகத்தான் கேட்டார்.

பூசாரியும் எங்களுக்குப் பங்காளிதான். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர், ஆளும் தறி மாதிரி சத்தமாகத்தான் பேசுவார்.

"நேந்தது நேந்ததுதானப்பா. மாத்த நான் யாரு?"

"வண்டிக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சா துருவுல்ல பிடிக்கும்" என்றார் ஒரு சித்தப்பா. கூட்டம் சிரித்தது. "வண்டி எப்பிடிலே சிலுப்பும்?" என்றார் இன்னொருவர்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன்.

"ஸ்டார்ட் பண்ணினா சிலுப்பும்."

அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. சிரிப்பு நின்றது. பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஏலே, பொம்பள பேசுற எடமாலே இது? ஒம் மகள அடக்க மாட்ட?"

அப்பா தரையைப் பார்த்தார். நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

"சிலுப்பாத கிடாய வெட்டுவீகளா? மாட்டீக. அப்ப சிலுப்பாத வண்டியச் சாமி எப்பிடி ஏத்துக்கிரும்? நேந்து விட்ட கிடாயப் பட்டினி போட்டுத் தரதரன்னு இழுத்துக்கிட்டா வருவீக? வளத்து, நடத்தித்தானே கொண்டு வாரீக? வண்டியவும் வளக்கணும். நான் வளக்குறேன்."

பூசாரி மீசையைத் தடவினார். "புள்ள சொல்றதுல தப்பு எங்க இருக்கு? அடுத்த களரிக்கு வண்டி தானா ஓடி வரட்டும். சந்நிதியில நின்னு சிலுப்பட்டும்."

"நேந்தவன் நான். நானே பாத்துக்கிறேன்" என்றார் பெரியப்பா.

"ஒனக்குப் பிக்கப்பு ஓட்டத் தெரியுமாப்பா?" என்றார் பூசாரி.

இந்த முறை கூட்டம் சிரித்தது அவரைப் பார்த்து.

திரும்பும்போது வேனில் எனக்கு முன்சீட்டில் இருந்தார். தலையைத் திருப்பாமலேயே சொன்னார்: "நல்லாப் பாடுபடு. பூட்டி, பெயிண்டு அடிச்சுக் கொண்டு போயி நிறுத்து. சிலுப்புன நிமிஷம் அது கருப்பனோடது. நீ வெறுங்கைய வீசிக்கிட்டுப் பஸ்ஸுலதான் வரணும்."

"பஸ்ஸுல வாரேன் பெரியப்பா. போறப்ப நீங்க எம் பக்கத்துச் சீட்டுல உக்காந்து வாங்க. நேந்தவுக இல்லாமப் போகக் கூடாதுல்ல."

அவர் சொன்னது உண்மை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வருஷச் சம்பளமும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போட்டுச் செய்யும் வண்டி என்னிடம் தங்காது. கோயில் பொட்டலில் நிற்கும். ஆட்கள் அதற்கும் பொட்டு வைப்பார்கள். அன்று ராத்திரி கொஞ்சம் வலித்தது. காலையில் திட்டத்தை மாற்றினேன். பெயிண்டு வேலையைக் குறைத்தேன்; எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் கூடுதல் நாள் ஒதுக்கினேன். கோயிலுக்குப் போகும் மண்பாதை மோசம். நடுவழியில் நின்றால் பெரியப்பாவுக்கு அதைவிடப் பெரிய களரி வேண்டாம்.

இந்த ஞாயிறு வேலை தொடங்கியது. எஞ்சின் இறுகிக் கிடந்தது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தேன். எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடியை மாட்டி உடம்பெல்லாம் கொடுத்துச் சுற்றினேன். அசையவில்லை. பெரியப்பா கட்டிலைத் தூக்கிவந்து வேப்ப மரத்தடியில் போட்டு, எனக்கு நேரெதிராக உட்கார்ந்துகொண்டார்.

"என்னத்தா, சிலுப்புதா?"

இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். செயின் பிளாக் முக்காலியை நிறுத்த வேண்டிய இடத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. எடுக்கச் சொன்னேன். காது கேட்காதவர் மாதிரி வெற்றிலையை மடித்தார். நானே போய் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, அதை உருட்டிக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினேன். சீட்டு நன்றாகக் காயட்டும்.